பச்சை விளக்கு எரியக்கூடாது

சுப்பராயலுவின் போட்டோவுக்குப் பக்கத்தில் இன்னொரு ஆணி அடிக்க வேண்டும் என்று வந்ததும் வராததுமாகத் தேவிப்ரியா சொன்னபோது, லீலா, மகள் ஏதோ சாமி படம் வாங்கி வந்திருக்கிறாள் என்றுதான் நினைத்தாள். சென்னையிலிருந்து ஆரணி வரை பஸ்ஸில் நின்றுகொண்டே வந்த பெண், கால்கூடக் கழுவாமல் பையைத் திறந்து லேமினேஷன் போட்ட ஒரு தாளை எடுத்தாள். வெள்ளைத் தாள். அதில் நீலமாக ஒரு கோடு. நெடுக நேராகப் போய், கடைசியில் சடாரென்று மேலே ஏறி, ஏறிய இடத்திலேயே அறுந்து நின்றது.

"இது அப்பாதாம்மா" என்றாள் தேவிப்ரியா. "அப்பாவோட நெஞ்சுத் துடிப்பு, நிமிஷத்துக்கு எத்தனன்னு. கடைசி மாசம் பூரா பாரு, எவ்ளோ நேரா போவுது! அவரு கஷ்டப்படவே இல்லம்மா. அந்தக் கடைசி நிமிஷம் மட்டும்தான்."

ஆணி அடித்தாயிற்று. மாலை போட்ட போட்டோவும் லேமினேஷன் தாளும் அக்கம்பக்கமாகத் தொங்கின. தேவிப்ரியா தள்ளி நின்று பார்த்தாள். துப்பட்டாவால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அன்னிக்கி நான் கூட இல்ல. ஆனா என் மிஷின் கூட இருந்துச்சு. அது ஒண்ணுதாம்மா எனக்கு ஆறுதல்" என்றாள்.

லீலா "காபி போட்டாறேன்" என்று உள்ளே போய்விட்டாள். அடுப்பைப் பற்றவைக்கக் கை வரவில்லை. ஏனென்றால், அந்தக் கோடு சுப்பராயலுவுடையது இல்லை. அது லீலாவுடையது. இந்த விஷயம் உலகத்தில் இரண்டே பேருக்குத்தான் தெரியும். அதில் ஒருவர் போட்டோவில் இருந்தார்.

தேவிப்ரியாவின் படிப்பைப் பற்றித் தெருவில் கேலி பேசாத வாய் கிடையாது. "இன்னா லீலா, உன் பொண்ணு இன்னும் படிச்சிகினுதான் கீதா? எங்க பேத்தி ஸ்கூலுக்குப் போறதுக்குள்ள முடிச்சிடுமா?" என்று தண்ணீர் பிடிக்கிற இடத்தில் கேட்பார்கள். டாக்டர் பட்டத்துக்கான ஆராய்ச்சி என்று சொன்னால், "அப்போ ஊசி போடுமா?" என்று அடுத்த கேள்வி வரும். லீலா எட்டாவது வரை படித்தவள். அவளுக்கே அது என்ன படிப்பு என்று பிடிபட வெகுநாள் ஆயிற்று.

ஒரு தீபாவளிக்கு வந்தபோது மகள் புரியும்படி சொன்னாள். நோயாளியின் உடம்பில் ஒரு சின்னக் கருவி. ஒயர் கிடையாது. உள்ளே நடப்பதை அது காற்றிலேயே சேதியாக அனுப்பும். சிக்கல் எல்லாம் பேட்டரிதான். சேதி அனுப்பும்போதுதான் பேட்டரி அதிகமாகத் தீரும். அனுப்பிக்கொண்டே இருந்தால் இரண்டு நாள் தாங்காது.

"அதனால அது தூங்கிகினே இருக்கணும். உடம்பு நல்லாருந்தா வாயத் தொறக்கக் கூடாது. ஆபத்துன்னா மட்டும் பேசணும். அந்த மாதிரி அதப் பழக்கறதுதான் என் படிப்பு."

"நல்ல மருமவ மாதிரின்னு சொல்லு" என்றார் சுப்பராயலு. தறிக்குழியில் கால் தொங்க உட்கார்ந்துகொண்டு சிரித்தார். சிரித்த சிரிப்பில் மூச்சு வாங்கியது.

அவருக்கு இதயம் வீங்கிவிட்டது என்று வேலூரில் பார்த்துச் சொல்லியிருந்தார்கள். மாத்திரை கொடுத்திருந்தார்கள். உப்பைக் குறைக்கச் சொன்னார்கள். மூச்சு முட்டினால் உடனே வந்துவிட வேண்டும் என்றார்கள். ஆக, வீட்டிலேயே நோயாளி இருக்கும்போது மகள் வேறு எங்கே போவாள்? பொங்கல் முடிந்த கையோடு கருவியை எடுத்துக்கொண்டு வந்தாள். மகா பெரிய மிஷின் வரப்போகிறது என்று வாசலைப் பார்த்துக்கொண்டிருந்த சுப்பராயலு, அவள் பையிலிருந்து ஒரு சோப்பு டப்பாவை எடுத்ததும் வாய்விட்டுச் சிரித்தார். உண்மையிலேயே அது பிளாஸ்டிக் சோப்பு டப்பாதான். அதற்குள் பேட்டரியும் ஏதேதோ பொடிப்பொடிச் சாமான்களும் இருந்தன. மேல்மூடியில் கடுகளவு பச்சை விளக்கு. எலாஸ்டிக் பட்டியால் நெஞ்சோடு சேர்த்துக் கட்டிக்கொள்ள வேண்டும். சேதியை வாங்கிச் சென்னைக்கு அனுப்ப, அலமாரி மேல் ஒரு செல்போனையும் இன்னொரு பெட்டியையும் வைத்தாள்.

முதல் வாரம் தேவிப்ரியா வீட்டிலேயே இருந்தாள். அந்த ஒரு வாரம் கருவி தூங்காது, அப்பாவின் இதயத்தைப் படித்துப் பழகிக்கொள்ளும், துடிப்பை முழுசாகப் படம் போட்டுக் காட்டும் என்றாள். அவர் தறியில் நெய்வார். அவள் பக்கத்தில் பாய் போட்டு மடியில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருப்பாள். லீலா ஊடைநூலைக் கட்டையில் தார் சுற்றுவாள். அந்த வீட்டில் அவ்வளவு சந்தோஷமான வாரம் அதற்கு முன்னால் எப்போது வந்தது என்று லீலாவுக்கு நினைவில்லை.

"இன்னா சொல்லுது உன் டப்பா?"

"நொண்டி நொண்டி நடக்குதுப்பா உங்க இதயம். நாலு அடி நேரா போவுது, ஒரு அடி தடுக்குது."

"வயசாச்சில்ல. தடுக்கத்தான் செய்யும்."

கிளம்புகிற அன்று புதுப் பேட்டரி போட்டாள். இனிமேல் படமெல்லாம் கிடையாது. காலையும் மாலையும் ஒரு நிமிஷத்துக்கு எத்தனை துடிப்பு என்ற ஒரு எண் மட்டும் போகும், மற்ற நேரமெல்லாம் உறக்கம் என்றாள். துடிப்பு தாறுமாறாக ஓடினால் மட்டும் பச்சை விளக்கு மினுக் மினுக்கென்று எரிந்து சேதி பறக்கும். கழற்றி வைத்தாலும் எரியும். அப்புறம், போகிற போக்கில், அப்பாவுக்குப் புரியட்டும் என்று ஒன்று சொன்னாள்.

"சரிகை மாதிரி நெனச்சுக்கோங்கப்பா இந்தப் பேட்டரிய. எவ்ளோ கம்மியா செலவாவுதோ அவ்ளோ எனக்கு நல்லது. ஆடி மாசம் வரைக்கும் இந்த ஒரே பேட்டரி தாங்கிச்சுன்னா நான் பாஸ்."

அவளுக்கு அது ஒரு பேச்சு. சுப்பராயலுவுக்கு அது அப்படி இல்லை. பட்டு நூலையும் சரிகையையும் முதலாளி எடை போட்டுத்தான் கொடுப்பார். நெய்த சேலையும் மீந்த கழிவும் எடை போட்டேதான் திரும்பிப் போகும். அத்தனை வருடத்தில் சுப்பராயலுவின் சேலையை எடை போட்டுவிட்டு யாரும் முகம் சுளித்தது கிடையாது. அறுந்த சரிகை நுனியைக்கூடக் கீழே விடமாட்டார். பெண்ணைப் பெற்றவர் வேறு எப்படி எடுத்துக்கொள்வார்? மகள் தன் சரக்கை நம்பி அவர் நெஞ்சில் கட்டிவிட்டுப் போயிருக்கிறாள். அதற்குக் குறை வரக்கூடாது. அவ்வளவுதான் அவருக்குப் புரிந்தது.

ஆனால் மாசி மாதத்திலேயே குறை வந்துவிட்டது. ஒரு சாயங்காலம் தறியிலிருந்து எழுந்தவருக்கு மூச்சு முட்டியது. பச்சை விளக்கு எரிய ஆரம்பித்தது. எரிந்தது எரிந்தபடி இருந்தது. மறுநாள் முதல் பஸ்ஸில் தேவிப்ரியா தலைகூட வாராமல் ஓடிவந்து, அப்பாவை வேலூருக்கு அழைத்துப் போய் மாத்திரையை மாற்றி வாங்கி வந்தாள். திரும்பிய பிறகு டப்பாவைத் திறந்து பார்த்தாள். முகம் விழுந்துவிட்டது.

"பேட்டரி போயிடுச்சுப்பா. பரவால்ல. திரும்ப முதல்லேர்ந்து எண்ணணும்."

பரவாயில்லை என்று சொன்னவள் சமையலறையில் வந்து அம்மாவின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதாள். ஆராய்ச்சி கைடு ஆடிக்குள் கேட்கிறார், வருடம் தப்பினால் உதவித்தொகையை நிறுத்திவிடுவார்கள், கூடப் படித்தவர்கள் எல்லாம் முடித்துவிட்டார்கள் என்று என்னென்னவோ சொன்னாள். தறியறைக்கும் சமையலறைக்கும் நடுவில் கதவு கிடையாது. சுப்பராயலு நூல் ஓட்டும் நாடாவைக் கையில் பிடித்தபடி அசையாமல் உட்கார்ந்திருந்ததை லீலா பார்த்தாள்.

அதற்குப் பிறகு அவர் மூச்சு முட்டினால் வாயை இறுக மூடிக்கொண்டு சிலை போல உட்கார்ந்துவிடுவார். கண் மட்டும் டப்பாவின் மேலேயே இருக்கும். ஒருநாள் அதுவும் முடியாமல் போய், விளக்கு ஒரு தரம் மினுக்கியதும், சட்டைக்குள் கையை விட்டுப் பட்டியை உருவினார். கழற்றினாலும் எரியுமே! "லீலா, ஜல்தி வா" என்றார். என்னவோ ஏதோ என்று ஓடிவந்தவளின் நெஞ்சில் அதை வைத்து அழுத்தினார். விளக்கு அணைந்தது.

வேர்த்து ஒழுகும் அந்த முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். "பாத்தியா! உன் நெஞ்சு ஒழுங்கா ஓடுது."

"இன்னாங்க இது திருட்டு வேலை?"

"திருட்டு இல்லடி. சரக்கக் காப்பாத்தறது."

"வேலூருக்குப் போலாம், கெளம்புங்க."

"போலாம் போலாம். கொழந்த பரீட்சை முடியட்டும். மாத்திரைதான் துன்றேனே."

மாத்திரை உயிருக்கு, டப்பா பரீட்சைக்கு என்று இரண்டு பேரும் பிரித்து வைத்துக்கொண்டார்கள். டப்பாவும் உயிருக்குத்தான் என்று யாரும் அவர்களை உட்காரவைத்துச் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று தேவிப்ரியாவுக்குத் தோன்றவே இல்லை. அது அவளுக்கு அவ்வளவு வெளிப்படையாக இருந்தது.

முதலில் எப்போதாவது என்று இருந்தது, பங்குனியில் தினமும் ஆயிற்று. ஆனி பிறந்தபோது அந்தப் பட்டி பெரும்பாலும் லீலாவின் ரவிக்கைக்குள்தான் இருந்தது. அதோடு தார் சுற்றினாள், அதோடு சமைத்தாள், அதோடு கடைக்குப் போகாமல் வீட்டிலேயே கிடந்தாள். தூரம் போனால் சேதி போகாது என்று பயம். ஞாயிற்றுக்கிழமை போனில் மகளின் குரல் துள்ளும்.

"அப்பா, சூப்பர்ப்பா! எழுவது, எழுவத்தி ரெண்டு, எழுவது. இந்த மாசம் ஒரு தபா கூட லைட் எரியல. உங்களுக்கு ஒடம்பு நல்லா ஆயிடுச்சு!"

"அப்டியாம்மா! எல்லாம் உன் மிஷின் ராசி" என்பார் சுப்பராயலு. உதடு நீலம் பாரித்திருக்கும். போனை வைத்துவிட்டு நெடுநேரம் மூச்சு வாங்குவார். லீலா எத்தனையோ தடவை போனைப் பிடுங்கிச் சொல்லிவிட நினைத்திருக்கிறாள். அவர் கண்ணாலேயே கெஞ்சுவார். அந்தக் கண்ணுக்கு அவள் கட்டுப்பட்டாள். இப்போது நினைத்தால் தன் நாக்கைத் தானே கடித்துத் துப்பலாம் போல இருக்கிறது அவளுக்கு.

ஆடி வெள்ளி. தெருவே படவேட்டு அம்மன் கோயிலுக்குப் பொங்கல் வைக்கப் போயிருந்தது. லீலா சமையலறையில் அம்மியில் அரைத்துக்கொண்டிருந்தாள். தறிச் சத்தம் நின்றது. நூல் அறுந்திருக்கும், முடிச்சுப் போடுகிறார் என்று நினைத்தாள். வெகுநேரம் சத்தம் வராமல் எட்டிப் பார்த்தபோது, சுப்பராயலு பக்கவாட்டில் தரையில் சாய்ந்து கிடந்தார். பாதி நெய்த சேலை மேல் விழாமல், அதற்கு எதிர்ப்பக்கமாக ஒதுங்கி விழுந்திருந்தார்.

அவரைத் தொட்டதுமே தெரிந்துவிட்டது. லீலாவின் நெஞ்சு தறிகெட்டு அடித்தது. ரவிக்கைக்குள் பச்சை விளக்கு மினுக் மினுக்கென்று எரிந்தது. செல்போன் அடித்தது. எடுத்தாள்.

"அம்மா, அப்பாவுக்கு இன்னாம்மா ஆச்சு? நூத்தி நாப்பது காட்டுதும்மா! அம்மா, பேசும்மா!"

லீலா ரவிக்கைக்குள் கையை விட்டுப் பட்டியை அறுத்து எறிந்தாள். டப்பா தறிக்குழிக்குள் போய் விழுந்து உடைந்தது. கோடு அறுந்தது அந்த இடத்தில்தான்.

எல்லாம் முடிந்த பிறகு தேவிப்ரியா குழிக்குள் இறங்கி உடைந்த டப்பாவை எடுத்து, கன்னத்தில் வைத்துக்கொண்டு கதறினாள். "எனக்குச் சொல்லுச்சும்மா. அந்த நிமிஷமே எனக்குச் சொல்லுச்சு" என்று திரும்பத் திரும்ப அதையே சொன்னாள். அந்தப் பெண்ணிடம் எந்தத் தாய் வாயைத் திறப்பாள்? கருமாதி முடியட்டும் என்று தள்ளிப்போட்டாள் லீலா. பிறகு அவள் சென்னைக்குப் போகட்டும் என்று தள்ளிப்போட்டாள். பிறகு போனில் மகள் சொன்னாள், கைடு அந்தக் கோட்டைப் பார்த்து அசந்து போய்விட்டாராம், இதைவிட நல்ல சாட்சி கிடையாது என்றாராம். லீலா வாயில் துணியை வைத்துக்கொண்டு அழுதாள்.

இப்போது அந்தச் சாட்சி சுவரில் தொங்குகிறது.

தேவிப்ரியா இந்தத் தடவை வந்தது தாளை மாட்டுவதற்காக மட்டும் இல்லை. இன்னும் ஒரே ஒரு நோயாளிக்குக் கட்டிப் பார்த்துவிட்டு ஆராய்ச்சியை எழுதிக் கொடுத்துவிடலாம் என்று கைடு சொல்லியிருந்தார். பின்தெருவில் சிங்கராயர் இருந்தார். தபால் ஆபீசில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். அவருக்கும் அதே வீங்கிய இதயம். சாயங்காலம் வந்து கட்டுவதாகத் தேவிப்ரியா போனிலேயே சொல்லி வைத்திருந்தாள்.

மத்தியானம் சிங்கராயரின் மனைவி அந்தோணியம்மாள், கோயிலுக்குப் போய்விட்டு வருகிற வழியில், லீலாவைத் தேடி வந்தாள். தேவிப்ரியா பின்கட்டில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். அந்தோணியம்மாள் சுவரில் இருந்த தாளைப் பார்த்துச் சிலுவை போட்டுக்கொண்டாள். பிறகு லீலாவின் கையைப் பிடித்தாள்.

"லீலா, ஒளிக்காம சொல்லு. உங்க வீட்டுக்காரருக்கு அது உபயோகமா இருந்துச்சா? எங்க வீட்ல இருக்கிற ஒரே ஜீவன் அவரு. பசங்க ரெண்டும் துபாய்ல கீதுங்க. அவருக்கு ஒண்ணுன்னா நான் யாரப் பாத்து ஓடுவேன்? அந்த மிஷின் சொல்லிடும்னு தேவி சொல்லுது. சொல்லிடுமா?"

லீலா அந்தக் கையைப் பார்த்தாள். பின்கட்டில் துணி அடிக்கும் சத்தம் கேட்டது.

"சொல்லும்க்கா" என்றாள்.

அந்தோணியம்மாள் "கர்த்தர் கிருபை" என்று நிம்மதியாக எழுந்து போனாள். லீலாவுக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. பொய் சொல்லவில்லையே, மிஷின் சொல்லத்தானே செய்யும், விட்டால் சொல்லும் என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்தாள். விட்டால்தானே? என்று இன்னொரு குரல் கேட்டது. வாயைத் திறந்தால் மகளின் இத்தனை வருடப் படிப்பு மண்ணோடு மண்ணாகப் போகும். அதோடு அவள் பிடித்துக்கொண்டிருக்கிற அந்த ஒரே ஆறுதலும் போகும். திறக்காவிட்டால்? நம்ம வீட்டோடு போகட்டும், மற்ற வீடுகளில் இப்படிச் செய்ய மாட்டார்கள் என்று மனதைத் தேற்றிக்கொண்டு மகளோடு கிளம்பினாள்.

சிங்கராயர் இஸ்திரி போட்ட சட்டையோடு நாற்காலியில் காத்திருந்தார். யாரோ மேலதிகாரி வருவதற்குக் காத்திருப்பது போல இருந்தது. அந்தோணியம்மாள் எல்லோருக்கும் டீ கொண்டுவந்தாள். தேவிப்ரியா புது சோப்பு டப்பாவை வெளியே எடுத்து, பட்டியைக் கட்டிவிட்டு, தன் கணீரென்ற குரலில் விளக்கினாள். உறக்கம், சேதி, பேட்டரி. எல்லாம் அன்றைக்குச் சொன்ன அதே பேச்சு.

"இந்தப் பச்சை லைட்டு கம்மியா எரிஞ்சா என் ஆராய்ச்சிக்கு நல்லது சார்."

சிங்கராயர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அவ்ளோதானே? இன்னொருத்தர் பொருள பத்திரமா வெச்சிருந்து குடுக்கறதுதாம்மா ஆயுசு பூரா என் வேல. உன் பேட்டரிக்கு நான் பொறுப்பு. ஒரு தபா கூட எரிய உடமாட்டேன், நீ நிம்மதியா போ."

"எரியட்டும் சார்!"

சொன்னது தான்தானா என்று லீலாவுக்கே சந்தேகமாக இருந்தது. மூன்று பேரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். லீலா டீ டம்ளரைத் தரையில் வைத்தாள்.

"எரிய உடுங்க சார். அணைக்காதீங்க. அவரு அப்டித்தான் அணைச்சாரு. மூச்சு முட்டும்போதெல்லாம் கழட்டி எனக்குக் கட்டிடுவாரு. கொழந்த பேட்டரி தீந்துடும்னு..."

"இன்னாம்மா ஒளர்ற?" என்றாள் தேவிப்ரியா.

"ஒளரல. நீ போன்ல எழுவது எழுவதுன்னு துள்ளுவியே, அது நான்டி. அவரு உதடெல்லாம் நீலமா கெடப்பாரு பக்கத்துல."

"கடைசில? நூத்தி நாப்பது வந்துச்சே, அது?"

"அப்போ அவரு போயிட்டாரு. எப்போ போனாருன்னு எனக்கே தெரியாது. நான் சமையக்கட்டுல இருந்தேன். வந்து பாத்தேன். அதான் அந்த நூத்தி நாப்பது."

தேவிப்ரியா வந்து அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்தாள். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து உதட்டுக்குள் எண்ண ஆரம்பித்தாள். பாதியில் எண்ணிக்கை நின்றுவிட்டது. அந்த நாடி எண்ணிக்கைக்கு நிற்காமல் அடித்துக்கொண்டிருந்தது.

"இப்போ ஓடுதே" என்றாள் லீலா, "இதேதான் அன்னிக்கும் ஓடுச்சு."

தேவிப்ரியா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அந்தோணியம்மாள் வந்து அவள் தலையைத் தன் மடியோடு சேர்த்துக்கொண்டாள். சிங்கராயர் தன் நெஞ்சில் இருந்த டப்பாவைத் தொடவும் பயந்து, தொடாமலும் இருக்க முடியாமல், கையை அந்தரத்தில் வைத்துக்கொண்டிருந்தார்.

வெகுநேரம் கழித்துத் தேவிப்ரியா எழுந்தாள். பையிலிருந்து கறுப்பு டேப்பை எடுத்து, ஒரு துண்டு கிழித்து, அந்தக் கடுகளவு விளக்கின் மேல் ஒட்டினாள்.

"சார், இனிமே இது எரியறது உங்களுக்குத் தெரிய வேணாம். பேட்டரி எவ்ளோ தீந்தாலும் தீரட்டும். நான் வேற கொண்டாந்து போடறேன். நீங்க கழட்ட மட்டும் கூடாது. ஆன்ட்டி, நீங்களும் கேட்டுக்கோங்க. மூச்சு முட்டிச்சுன்னா மொதல்ல வண்டி புடிச்சு வேலூரு. அப்பாலதான் எனக்கு போன்."

திரும்பி வரும் வழியெல்லாம் பவர்லூம் சத்தம் வீட்டுக்கு வீடு கேட்டுக்கொண்டே வந்தது. வாசலில் செருப்பைக் கழற்றும்போதுதான் தேவிப்ரியா சொன்னாள்.

"நீ ஒரு வார்த்த சொல்லியிருந்தா அப்பா இருந்திருப்பாரும்மா."

"ஆமா" என்றாள் லீலா. அவர் கெஞ்சினார் என்று சொல்லலாம். உனக்காகத்தான் என்று சொல்லலாம். சொன்னால் பாரம் மகளின் தலைக்கு மாறும். அதை எப்படி மாற்றி வைப்பாள்?

ஆனால் அது தானாகவே மாறியது. உள்ளே வந்து தறியைப் பார்த்துக்கொண்டு நின்ற தேவிப்ரியா, "சரிகை மாதிரின்னு சொன்னது நான்தான" என்றாள். "எங்கப்பா கிட்டப் போய் அதச் சொன்னேனே. வேற யார் கிட்டனா சொல்லியிருந்தா சிரிச்சிட்டுப் போயிருப்பாங்க."

லீலா அவளைக் கட்டிக்கொண்டாள். அப்பன் செத்த அன்றுகூட இரண்டு பேரும் அப்படி அழவில்லை.

அழுது ஓய்ந்ததும் தேவிப்ரியா முகம் கழுவிக்கொண்டு வந்து கைடுக்குப் போன் போட்டாள். லீலா சுவரோரமாக நின்று கேட்டாள். இந்தப் பக்கத்துப் பேச்சு மட்டும்தான் காதில் விழுந்தது.

"சார், முதல் பேஷண்ட் டேட்டாவ எடுத்துடணும் சார்... இல்ல சார், கருவி மேல தப்பு இல்ல. அது எங்கப்பா இல்ல சார். எங்கம்மா." அந்தப் பக்கம் நெடுநேரம் பேசினார்கள். தேவிப்ரியா கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். "தெரியும் சார். உதவித்தொகை நின்னுடும், தெரியும்... ஆமா சார். முதல்லேர்ந்து."

போனை வைத்தாள். ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறி, ஆணியிலிருந்து அந்தத் தாளைக் கழற்றினாள். கிழிக்கப்போகிறாள் என்று லீலா நினைத்தாள். லேமினேஷன் போட்டதைக் கிழிக்கவும் முடியாது. தேவிப்ரியா அதை மடியில் வைத்துக்கொண்டு ஸ்டூல் மேலேயே உட்கார்ந்திருந்தாள். போட்டோவுக்குப் பக்கத்தில் ஆணி மட்டும் நீட்டிக்கொண்டு நின்றது.

"தெனமும் காலைல எழுந்ததும் இதத்தான் மொதல்ல பாப்பேன். அப்பா இதுல இருக்காருன்னு" என்றாள். பிறகு, சின்னப் பெண் கேட்பது போலக் கேட்டாள். "அப்போ அப்பாவோடது ஒண்ணுமே இல்லையாம்மா எங்கிட்ட?"

லீலா யோசித்தாள். தறி, பாய், தார்க்கட்டை, மடியில் லேப்டாப் என்று ஒன்றன்பின் ஒன்றாக நினைவு வந்தது.

"பொங்கலுக்கு அப்பால நீ ஒரு வாரம் இருந்தியே. அப்போ மிஷின் எழுதினது இருக்குதா?"

தேவிப்ரியா நிமிர்ந்தாள். ஸ்டூலிலிருந்து இறங்கி லேப்டாப்பைத் திறந்து, தரையில் உட்கார்ந்து தேட ஆரம்பித்தாள். லீலாவும் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். திரையில் பச்சையாக ஒரு கோடு ஓடியது. சுவரில் இருந்தது போல நேராக இல்லை. மேலும் கீழும் குதித்தது. நாலு அடி ஒழுங்காகப் போய், ஒரு அடி தடுக்கி, மறுபடியும் எழுந்து நடந்தது.

தேவிப்ரியா திரையைத் தொட்டாள். உடனே கையை எடுத்துக்கொண்டாள்.

"இது அப்பாதானே? சத்தியமா சொல்லு. இதுலயும் நீ இல்லையே?"

"அவருதான்" என்றாள் லீலா. "அந்த வாரம் நீ வூட்ல இருந்தியேடி. அத அவரு எதுக்குக் கழட்டப் போறாரு?"